இரண்டு கேமராக்களும் ஒரு கல்யாணக் காலையும்

பொத்தானை அழுத்தினேன். இறங்கவில்லை.

மறுபடி அழுத்தினேன். விரல் நுனி வெளுத்ததுதான் மிச்சம். கண்ணோடு ஒட்டி வைத்திருந்த சின்னச் சன்னலுக்குள் எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும் முள், அடியில் போய்ப் படுத்துக்கொண்டிருந்தது.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்காரர் வீட்டு உள்ளறை. எனக்கு எதிரே கட்டிலில், முதுகுக்குத் தலையணைகளை அண்டக்கொடுத்துத் தெய்வானையம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய மகள் மல்லிகா, அப்பா கையால் நெய்த அரக்கு நிறக் கூரைப்புடவையில், கல்யாணப் பெண்ணாக. அறையில் சாம்பிராணிப் புகை. அதற்கு அடியில் மருந்து நெடி. தெருவில் நாயனக்காரர் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். பெண்ணை அழைத்துப்போக மண்டபத்திலிருந்து ஆள் வந்தாயிற்று.

தெய்வானையம்மாவால் மண்டபத்துக்கு வர முடியாது. வயிற்றில் கட்டி. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்கே கூட்டிப்போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். தலைமுடி கொட்டி, கழுத்து எலும்பு துருத்தி, ஆள் பாதியாகிவிட்டிருந்தார். “பொண்ணு படி எறங்கறதுக்கு முன்னாடி என்கூட ஒரே ஒரு போட்டோ. பொம்பள வந்து எடுத்தா எடுத்துக்கறேன். இந்தக் கோலத்துல ஆம்பளைங்க எதிர்ல உக்கார மாட்டேன்” என்று அவர் சொல்லி அனுப்பியதால்தான் நான் போயிருந்தேன்.

எனக்குத் தெரிந்து அப்போது ஊரில் கேமரா பிடித்த பெண் நான் ஒருத்திதான். அந்தக் கேமரா என் கையில் செத்துக் கிடந்தது.

“இன்னாமா, மெஷின் மொறைக்குதா?” என்றார் தெய்வானையம்மா.

நான் அதைத் திருப்பிப் பார்த்தேன், தட்டினேன், ஊதினேன். ஒன்றும் நடக்கவில்லை. வியர்வை புருவத்தில் இறங்கியது.

ரெட்டைக் கண்

இந்தத் தொடரில் இதுவரை என் வீட்டுக்காரரை ‘அவர்’ என்றே எழுதி வந்தேன். எந்த ‘அவர்’ என்று தெரியாமல் குழம்புவதாக ஒரு வாசகி கோயிலில் பார்த்துச் சொன்னார். எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன். சம்பந்தம்.

நான் தென்னேரியில் பயிர்த்தொழில் குடும்பத்தில் பிறந்தவள். போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் மாப்பிள்ளை என்றதும் எங்கள் வீட்டில் முதலில் தயங்கினார்கள். நிலம் இல்லையே என்றார்கள். “நிலம் இல்லாட்டி இன்னா, ஒரு ஜெர்மன் கேமரா வெச்சிருக்கறாரு” என்று தரகர் சொன்னாராம். அது எப்படி நிலத்துக்கு ஈடாகும் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் கேமராவுக்கு மேலும் கீழுமாக இரண்டு கண்கள். மேல் கண் பார்ப்பதற்கு, கீழ்க் கண் எடுப்பதற்கு. உச்சியில் உள்ள மூடியைத் தூக்கினால் ஒரு கண்ணாடி. தலையைக் குனிந்து அதில்தான் பார்க்க வேண்டும். பட்டணத்தில் மூர் மார்க்கெட்டில், ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போனதை இவர் தேடிப் பிடித்து வாங்கினார். கறுப்பு வர்ணம் தேய்ந்து மூலைகளில் உலோகம் பளபளக்கும். தூக்கிப் பார்த்தால் இரும்புப்பூட்டு மாதிரி கனம். சத்தமோ, யாரோ பக்கத்தில் லேசாக நாக்கைச் சப்புக்கொட்டின மாதிரி அவ்வளவுதான்.

அதில் தானாக நடப்பது எதுவும் கிடையாது. வெளிச்சத்தை நாம் பார்க்க வேண்டும். துவாரத்தை எவ்வளவு திறப்பது, எவ்வளவு நேரம் திறப்பது, ஆள் எவ்வளவு தூரத்தில், எல்லாம் நம் கணக்கு. சம்பந்தம் தன் உள்ளங்கையை வெளிச்சத்தில் நீட்டி, திருப்பி, அரைக்கண்ணால் பார்ப்பார். பிறகு இரண்டு சக்கரங்களைத் திருகுவார். ஜோசியர் கைரேகை பார்ப்பதுபோல இருக்கும் எனக்கு.

கல்யாணமான புதிதில் ஒரு மழைக்காலத்தில், எங்கள் ஊர்க் கல்யாணம் ஒன்றுக்கு வாலாஜாபாத்திலிருந்து மாட்டுவண்டியில் போனோம். ஏரி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. உபரித் தண்ணீர் வழியும் கலங்கல் அருகே வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. கேமரா தோல் பெட்டியோடு சேற்றில் விழுந்தது. நான் அலறிவிட்டேன். இவர் இறங்கி எடுத்து, வேட்டி முனையால் துடைத்து, காதருகே வைத்து ஒருமுறை தட்டிக் கேட்டார். “ஒண்ணும் ஆவல. ஏறு” என்றார். அன்றைக்கு எடுத்த படங்கள் இன்றும் என் அண்ணன் வீட்டுச் சுவரில் இருக்கின்றன.

படம் எடுப்பது அவர் வேலை. கழுவி, பிரிண்ட் போட்டு, முகத்தில் உள்ள பள்ளம் மேடுகளைப் பென்சிலால் திருத்துவது என் வேலை. பல வருஷம் இப்படித்தான் ஓடியது. கேமராவை நான் துடைத்திருக்கிறேன். பிடித்ததில்லை. பிடிக்கலாம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சிங்கப்பூரிலிருந்து வந்தது

எழுபதுகளின் தொடக்கமாக இருக்கும். என் நாத்தனார் சரோஜாவின் கணவர் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலையாக இருந்தார். ஒரு விடுமுறைக்கு வந்தபோது, ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு நைலான் புடவை, இவற்றோடு ஒரு ஜப்பான் கேமராவும் கொண்டுவந்தார். உள்ளங்கையில் அடங்கிவிடும். வெள்ளிபோல மின்னும்.

“வெளிச்சத்த அதுவே பாத்துக்கும் மச்சான். எவ்ளோ தொறக்கணும், எவ்ளோ நேரம்னு எல்லாம் அதுவே முடிவு பண்ணிக்கும். நீங்க பொத்தான அமுக்கினா போதும்” என்றார்.

“அப்ப நான் இன்னா பண்றது? பக்கத்துல நின்னு அதுக்கு விசிறிக்கினு இருக்கணுமா?” என்றார் சம்பந்தம்.

வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். முகம் சுளித்தார். “உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குது. வெயிட்டே இல்ல.” மாப்பிள்ளை மனம் கோணக் கூடாதே என்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். அவர் ஊருக்குப் போனதும் அது என் புடவைகளுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

எனக்கு மட்டும் அதன்மேல் ஒரு கண். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் எடுத்து, சன்னல் பக்கம் நீட்டிப் பார்ப்பேன். வெளியே காட்டினால் உள்ளே முள் ஒரு பக்கம் சாயும். அறைக்குள் காட்டினால் மறுபக்கம் சாயும். வெளிச்சத்துக்கு ஒரு முள் உண்டு என்பதே எனக்கு வேடிக்கையாக இருந்தது.

பெஞ்சு சரிந்தது

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பெரிய குடும்பத்துக்குக் குரூப் போட்டோ. எல்லாத் தலையும் தெரிய வேண்டும் என்று பெஞ்சுமேல் பெஞ்சு போட்டு இவர் ஏறினார். படம் எடுத்தும் விட்டார். இறங்கும்போது மேல் பெஞ்சு சரிந்தது.

விழும்போது கேமராவைத்தான் தூக்கிப் பிடிக்கப் பார்த்தாராம். கேமராவோடு அவரும் கல்தரையில் விழுந்தார். கேமராவின் ஒரு மூலை லேசாக நசுங்கியது, அவ்வளவுதான். இவருடைய வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

விரல் நுனியிலிருந்து முழங்கை தாண்டி மாவுக்கட்டு. முகூர்த்த மாதம். வந்து அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது? சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து மேல்கூரையைப் பார்த்தபடி இருந்தார். சாப்பாடு இறங்கவில்லை.

நான் பீரோவைத் திறந்து சிங்கப்பூர்க் கேமராவை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் போய் நின்றேன்.

“பொத்தான அமுக்கினா போதும்னு சொன்னாருங்களே. அமுக்கிப் பாக்கட்டுமா?”

மாவுக்கட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு, “ஆளு தலைய வெட்டாம எடு” என்றார்.

அந்தச் சின்னப் பெட்டிக்கு நான் பட்ட நன்றிக்கடன் பெரியது. ‘இந்தத் தானியங்கிகளெல்லாம் வந்துதான் தொழிலே கெட்டது’ என்று என் வயதுக்காரர்கள் யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். வெளிச்சத்தை அது கணக்குப் பார்த்ததால்தான், முகத்தை நான் பார்க்க முடிந்தது. எல்லாம் தெரிந்த பிறகுதான் தொட வேண்டும் என்று இருந்திருந்தால், நான் தொட்டே இருக்க மாட்டேன்.

ஸ்டூடியோவில் ஒரு பெண் படம் எடுக்கிறாள் என்று தெரிந்ததும் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களிலிருந்து அழைப்பு வரத் தொடங்கியது. பிள்ளை பெற்றவள், சமைந்த பெண், மாமியார் எதிரில் வாய் திறக்காத மருமகள், இவர்களெல்லாம் ஆண் எதிரில் மரமாக நிற்பார்கள். என்னிடம் “அக்கா, மூக்குத்தி தெரியறாப்பல எடுக்கா” என்று வந்து ஒட்டிக்கொண்டார்கள்.

குறை இல்லாமலும் இல்லை. ஜரிகையைக் கண்டால் அந்தக் கேமரா ஏமாந்துவிடும். பட்டின் மினுமினுப்பைப் பார்த்து, ஆகா எவ்வளவு வெளிச்சம் என்று துவாரத்தைக் குறுக்கிக்கொள்ளும். புடவை அற்புதமாக வரும். முகம் கருத்துப் போகும். இருட்டறையில் பிரிண்ட் போடப் போட, அது எங்கே எப்படி ஏமாறுகிறது என்று எனக்குப் பழகிவிட்டது. இத்தனை வருஷம் இவருடைய நெகட்டிவ்களைக் கழுவியதில் எது சரியான வெளிச்சம், எது குறைவு என்று கண்ணுக்குத் தெரிந்திருந்ததும் உதவியது.

தெரியாமல் போனது ஒன்றுதான். அதன் வயிற்றுக்குள் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி இருக்கிறது, அது ஒருநாள் தீர்ந்துபோகும் என்பது.

கதவுக்கு அந்தப் பக்கம்

தெய்வானையம்மாவின் அறைக்கு வெளியே, கூடத்தில், நிறுத்திவைத்த தறியின் பக்கத்தில் சம்பந்தம் உட்கார்ந்திருந்தார். மண்டபத்துப் படங்களையும் நானே எடுப்பதாக ஏற்பாடு. கூட்டத்தை ஒதுக்கி நிறுத்த அவர் வந்திருந்தார். ஒரு கை தூளியில். இடது தோளில் அந்த ஜெர்மன் கேமரா. எடுக்க முடியாத கையோடு அதை எதற்குச் சுமக்கிறீர்கள் என்று கேட்டால், “வாட்ச் கட்னவன்லாம் நேரமா பாத்துக்கினு இருக்கறான்?” என்பார்.

நான் கதவை ஒருக்களித்துத் தலையை நீட்டினேன்.

“இன்னாங்க, பொத்தான் எறங்கலீங்க.”

“முள்ளு ஆடுதா?”

“படுத்துக்கிச்சு.”

அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த மாதிரிப் பேட்டரி காஞ்சிபுரத்தில் எந்தக் கடையிலும் கிடையாது. பட்டணத்தில் கிடைத்தாலே அதிசயம். மண்டபத்து ஆள் வாசலில் நின்று “நேரம் ஆவுதுபா, பொண்ண அனுப்புங்க” என்று குரல் கொடுத்தார்.

சம்பந்தம் எழுந்தார். இடது கையால் தோள்வாரைக் கழற்றிக் கதவிடுக்கு வழியாகக் கேமராவை நீட்டினார்.

“உள்ள பிலிம் பாதி இருக்குது. விழுந்த அன்னிக்குப் போட்டது. எடு.”

“எனக்கு இதுல…”

“நான் இங்கயே நிக்கறேன். சொல்றேன். எடு.”

வாங்கினேன். கனம் கையைக் கீழே இழுத்தது. மூடியைத் தூக்கிக் குனிந்தேன். கண்ணாடியில் தாயும் மகளும் இடம் மாறித் தெரிந்தார்கள். நான் இடது பக்கம் நகர்ந்தால் அவர்கள் வேறு பக்கம் ஓடினார்கள். ஒரு நிமிஷம் தலை சுற்றிவிட்டது.

“சன்னல் எந்தப் பக்கம்?” வெளியிலிருந்து குரல்.

“எனக்கு வலப்பக்கம்.”

“பளிச்னு வெயில் உள்ள வர்தா?”

“இல்ல. எதிர்வீட்டுச் சுவத்துல பட்டுத் திரும்பி வர்து.”

“பல்பு போட்டு எடுக்கலாமில்ல?”

“அதெல்லாம் வாணாம்பா” என்று தெய்வானையம்மாவே பதில் சொன்னார். “பளீர்னு அடிச்சா கண்ணு கூசுது. வாந்தி வர்து.”

“சரிமா, வாணாம். வசந்தா, தொவாரம் அஞ்சு புள்ளி ஆறுல வை. வேகம் இருபத்தஞ்சு. மூச்ச புடிச்சிக்கினு அமுக்கு.”

சக்கரத்தைத் திருகப் போனேன். பிறகு நிமிர்ந்து பார்த்தேன். கட்டில் சன்னலிலிருந்து தள்ளி, மூலையில் கிடந்தது. மல்லிகாவின் ஜரிகைதான் அறையையே பிரகாசமாகக் காட்டியது. தாயின் முகம் நிழலில் இருந்தது.

“பத்தாதுங்க” என்றேன். “நாலுல வெச்சாத்தான் அம்மா முகம் வரும்.” எண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும்.

“அஞ்சு புள்ளி ஆறு போதும். இந்தத் தெரு வீடுங்க எல்லாம் எனக்குத் தெரியும்.”

“வீடு தெரியும். கட்டில் எங்க இருக்குதுன்னு தெரியுமா?”

“நாலு வெச்சா பொண்ணு பொடவ வெளுத்துப் போவும்.”

“போவாது. ஜரிகை மட்டும் கொஞ்சம் வெளுக்கும். பிரிண்ட் போடறது யாரு? நான்தான? நான் பாத்துக்கறேன்.”

“எடுக்கறது நான் சொல்றபடி எடு!”

“உள்ள நிக்கறது நானு!”

நான் அதுவரை அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அதுவும் அடுத்தவர் வீட்டில். காது சூடாகிவிட்டது. கல்யாணப் பெண் என்ன செய்வதென்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். நான் சக்கரத்தை நாலில் வைத்துவிட்டு, முதுகைச் சுவரில் சாய்த்து, கேமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குனிந்தேன்.

“மல்லிகா” என்றார் தெய்வானையம்மா. “நல்லா பாத்துக்க. கல்யாணம்னா இதான். ஒருத்தர் கதவுக்கு வெளிய நின்னுக்கினு உள்ள இருக்கறத சொல்வாரு.”

மல்லிகா களுக்கென்று சிரித்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் சம்பந்தமும் சிரித்தது எனக்குக் கேட்டது. அதைக் கேட்டுத் தெய்வானையம்மா சிரித்தார். வாய் முழுக்க, பல் எல்லாம் தெரிய, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் மகளின் தோளைப் பற்றிக்கொண்டு சிரித்தார்.

அமுக்கினேன். நாக்கைச் சப்புக்கொட்டுகிற அந்தச் சின்னச் சத்தம். அவர்களுக்கு எடுத்ததே தெரியவில்லை.

அவர் சொன்ன கணக்கிலும் ஒன்று எடுத்தேன். பிறகு மல்லிகா தாயின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அதை எடுக்கத் தோன்றவில்லை.

ஜெர்மன் கேமராவின் ஒரு குணம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. சிங்கப்பூர்க் கேமராவைக் கண்ணில் வைத்தால் என் முகம் மறைந்துவிடும். எதிரில் இருப்பவருக்கு ஒரு கண்ணாடிதான் தெரியும். இதில் நாம் தலை குனிந்து நிற்கிறோம். நோயில் உருக்குலைந்த ஒருவரை உற்று முறைக்காமல், அவருக்கு முன் தலைகுனிந்து படம் எடுக்கலாம். செய்தவன் அதை நினைத்துச் செய்தானா தெரியாது. எனக்கு அது உதவியது.

கழுவிப் பார்த்தபோது

மண்டபத்திலும் மிச்சமிருந்த பிலிமை அந்தக் கேமராவிலேயே எடுத்தேன். சில படங்களில் தலை வெட்டுப்பட்டது. ஒன்றில் மாப்பிள்ளைக்குப் பதில் ஐயர் தெளிவாக வந்தார். யாரும் குறை சொல்லவில்லை.

இருட்டறையில் நான் கழுவ, சம்பந்தம் இடது கையால் நெகட்டிவைச் சிவப்பு விளக்கில் தூக்கிப் பார்த்தார். நாலில் எடுத்தது நன்றாக வந்திருந்தது. அஞ்சு புள்ளி ஆறில் எடுத்ததும் மோசமில்லை. எங்கள் இரண்டு பேரையும்விடப் பிலிம் பொறுமைசாலி.

“ரெண்டுமே வந்துடுச்சு பாத்தியா” என்றார்.

“ஆமா. ஆனா சிரிப்பு என்னுதுல இருக்குது” என்றேன்.

பிரிண்டைக் கொண்டுபோய்த் தெய்வானையம்மாவிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். “நோவு தெரியலமா இதுல” என்றார். பிறகு அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

கட்டுப் பிரித்த பிறகும் இவருடைய மணிக்கட்டு முழுசாகத் திரும்பவில்லை. சின்னச் சக்கரங்களைத் திருக விரலுக்கு வலு வரவில்லை. ஒருநாள் சரோஜாவுக்குக் கடிதம் எழுதச் சொன்னார். சிங்கப்பூரிலிருந்து அந்தப் பொத்தான் பேட்டரிகள் வந்து சேர்ந்தன. அவரே ஒன்றை எடுத்துப் போட்டு, சன்னல் பக்கம் காட்டி முள் ஆடுகிறதா என்று பார்த்தார். அன்றிலிருந்து ஜப்பான் கேமரா அவருக்கு, ஜெர்மன் கேமரா எனக்கு. யாரும் பேசி முடிவு செய்யவில்லை. மண்டபத்தில் அவர் கூட்டத்துக்குள் புகுந்து ஓடி ஓடி எடுப்பார். நான் உள்ளறைகளில் நின்று நிதானமாக எடுப்பேன். உடைந்த கைக்கு ஒன்று துணை நின்றது. பயந்த கைக்கு இரண்டுமே துணை நின்றன. எதை உயர்த்தி எதைத் தாழ்த்துவது?

பெரியவர் கேட்ட திருத்தம்

தை பிறப்பதற்குள் தெய்வானையம்மா போய்விட்டார்.

காரியத்துக்கு முன்னால் அவருடைய கணவர் குப்புசாமியின் அண்ணன் ஸ்டூடியோவுக்கு வந்தார். அந்தப் படத்திலிருந்து தெய்வானையம்மாவை மட்டும் தனியாகப் பெரிதாக்கித் தர வேண்டும் என்றார். மாலை போட.

“ஆனா ஒண்ணுமா. மாலை போடற படத்துல இப்டி பல்லக் காட்டிக்கினு இருந்தா நாலு பேரு இன்னா சொல்வாங்க? வாய மூடினாப்பல பண்ணிக் குடுங்க. நீங்கதான் திருத்தறதுல கெட்டியாச்சே.”

செய்யக்கூடியதுதான். வெள்ளைப் பல் நெகட்டிவில் கறுப்பாகத் தெரியும். பிளேடு நுனியால் பூப்போலச் சுரண்டி எடுத்துவிட்டு, பிரிண்டில் உதட்டை வரைந்துவிடலாம். எத்தனையோ முகங்களுக்குச் செய்திருக்கிறேன். சரி என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நெகட்டிவைச் சாய்வு மேசையில் வைத்துப் பிளேடை எடுத்தேன். கீழே வைத்தேன். மறுபடி எடுத்தேன்.

சம்பந்தம் பார்த்துக்கொண்டே இருந்தார். “உன் படம். உன் இஷ்டம்” என்றார்.

உன் படம் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போதும் எனக்கு முடிவு செய்யத் தெரியவில்லை. துக்க வீட்டுப் பெரியவர் கேட்டதை எப்படி மறுப்பது?

சாயங்காலம் குப்புசாமியே வந்தார். சட்டை போடாமல், தோளில் துண்டோடு, வாசலிலேயே நின்றார்.

“அண்ணன் வந்தாராமே. இன்னா சொன்னாரு?”

சொன்னேன். அவர் உள்ளே வந்து மேசைமேல் இருந்த பழைய பிரிண்டை எடுத்து, விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.

“அவ வாய மூட வெக்கணும்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நானும் பாத்தேன்மா. முடியல. நீங்க எதுக்குக் கஷ்டப்படறீங்க? உட்ருங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

சம்பந்தம் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தார். நான் பிளேடை இழுப்பறைக்குள் போட்டு மூடிவிட்டு, இருப்பதிலேயே பெரிய தாளை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனேன்.